எந்த நோட் பதிப்பு என்று புராஜெக்டே சொல்லட்டும்

ஜாவாஸ்கிரிப்ட் நிரலை பிரவுசருக்கு வெளியே இயக்குவதற்காக 2009-இல் வந்த நோட் ஜேஎஸ், இன்று இணைய மென்பொருள் எழுதுவோரின் அன்றாடக் கருவி. பல ஆண்டுகளாக ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என அதன் பெரிய பதிப்புகள் வெளிவந்திருக்கின்றன. இரட்டைப்படை எண் கொண்டவற்றுக்குச் சுமார் 30 மாத நீண்டகால ஆதரவு கிடைத்தது. ஒற்றைப்படைப் பதிப்புகளின் ஆயுள் ஓராண்டைக்கூட எட்டவில்லை. பழைய புராஜெக்டையும் புதியதையும் ஒரே மடிக்கணினியில் கவனிக்கும் டெவலப்பருக்கு இரண்டு மூன்று பதிப்புகள் தேவைப்படுவது இயல்பு. அவற்றுக்கிடையே மாறிக்கொள்ள என்விஎம், எஃப்என்எம், வோல்டா என்று நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆனால் கருவியை நிறுவிவிட்டு, எதற்கு எந்தப் பதிப்பு என்பதைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் கெடுதலானது. பதிப்பு எண்ணும் நிரலின் ஒரு பகுதிதான். நிரல் இருக்கும் இடத்திலேயே அதுவும் எழுதப்பட வேண்டும்.

2021 அக்டோபரில் வந்த 17-ஆம் பதிப்பு இதற்குத் தெளிவான சான்று. அது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 3-ஆம் பதிப்புக்கு மாறியது. எம்டி4 என்ற பழைய ஹேஷ் முறையை அந்த நூலகம் ஒதுக்கி வைத்திருந்தது. கோப்புகளை ஒன்றுசேர்த்துத் தரும் வெப்பேக் 4-ஓ அதே எம்டி4-ஐ நம்பியிருந்தது. அதனால் முந்தைய நாள் வரை ஓடிய புராஜெக்ட், நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமலே நின்றுபோனது. 'டிஜிட்டல் என்வலப்' ஏதோ ஆதரிக்கப்படவில்லை என்ற பிழைச் செய்தியைப் பார்த்து, காரணம் நோட் பதிப்புதான் என்று யார் ஊகிப்பார்கள்? பழைய குறியாக்க முறைகளை மீண்டும் திறந்துவிடும் ஆப்ஷன் ஒன்றைப் பலர் ஸ்கிரிப்டில் ஒட்டிச் சமாளித்தார்கள். நோட்_ஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறி வழியாக அதைச் சேர்த்த ஸ்கிரிப்டை 16-ஆம் பதிப்பில் இருக்கும் சக ஊழியர் இயக்கினால், அந்த ஆப்ஷனுக்கே அனுமதியில்லை என்று நோட் கிளம்ப மறுக்கும். இருவர் கணினியிலும் பழுதில்லை. புராஜெக்ட் ஃபோல்டரில் 16 என்ற ஒரே வரியோடு, என்விஎம் படிக்கும் என்விஎம்ஆர்சி கோப்பு ஒன்று இருந்து, இருவரும் அதைப் பின்பற்றியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

நிரலை அதன் சூழலோடு கன்டெய்னரில் அடைத்துத் தரும் டாக்கர் இருக்கும்போது இந்தக் கோப்பு எதற்கு என்பார்கள். டாக்கர் கோப்பின் முதல் வரியிலும் நோட் பதிப்பைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அங்கே 'லேட்டஸ்ட்' என்று எழுதினால் பழைய குழப்பம் கன்டெய்னருக்குள்ளும் வந்துவிடும். பேக்கேஜ் ஜேசனில் 'இன்ஜின்ஸ்' என்று குறித்தால் போதாதா என்றால், போதாது. தனியாகக் கண்டிப்பு அமைப்பைச் சேர்க்காவிட்டால் என்பிஎம் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடும்.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எண்ணை எழுதிவைத்தால் காலாவதியான பதிப்பிலேயே புராஜெக்ட் தங்கிவிடும் என்பது அது. இந்தக் கவலை நியாயமானது. 16-ஆம் பதிப்பு நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-இன் ஆதரவு முடிவதால், அந்தப் பதிப்பின் முடிவுத் தேதியே 2023 செப்டம்பர் 11-க்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பின் வரும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு நோட் திட்டத்திடமிருந்து திருத்தம் கிடையாது. ஆனால் எழுதிவைத்த எண்ணைத் தேடிப் பிடிக்கலாம். எல்லா புராஜெக்டுகளிலும் அந்தக் கோப்பு இருக்கும் நிறுவனம், இன்னும் 16-இல் நிற்பவை எவை என்று சில நிமிடங்களில் பட்டியல் எடுத்துவிடும். எண் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்தப் பட்டியலை யாராலும் எடுக்க முடியாது.