அண்ணாமலைப் பட்டம் என்றால் அவ்வளவு இளக்காரமா?



கொஞ்ச நாளாக நம் குழுக்களில் ஒரு கேலி சுற்றுகிறது. "அண்ணாமலையில் படிச்சியா? பணம் கட்டினா தபால்லயே பட்டம் வருமே!" சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வரலாறு. 1920இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தமிழுக்குத் தனிக் கல்லூரி வைத்து, அதற்கு உ.வே.சாமிநாதையரை முதல்வராக அழைத்து வந்தார். பிறகு கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அரசும் பணம் தந்தது, சட்டம் இயற்றியது. 1929இல் பல்கலைக்கழகம் பிறந்தது. மாணவரும் ஆசிரியரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் அது. வெளிக் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்துவது அதன் வேலையாக இருக்கவில்லை.

1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் ஈழத்து விபுலானந்த அடிகள். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு 1941இல் தமிழிசை மாநாடு நடந்தது அண்ணாமலை நகரில். 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்துப் போய்த் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட இராசேந்திரன் அந்தப் பல்கலைக்கழக மாணவர். இதெல்லாம் தபாலில் வந்ததா?

அடுத்து, தபால் வழிப் படிப்பு. அது 1979இல் தொடங்கியது. மரக்காணத்திலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பகலில் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, ராத்திரி பாடப் புத்தகம் படித்தவர்கள் நம் ஊரில் உண்டு. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் படித்த அம்மாக்கள் உண்டு. ஆசிரியர் பயிற்சியோடு வேலைக்கு வந்த என் போன்றவர்கள் பட்டம் வாங்கியதும் இந்த வழியில்தான். கல்லூரிக்குப் போக முடியாதவன் படித்ததைக் கேலி செய்வது, அவன் ஏழ்மையைக் கேலி செய்வதுதான்.

அப்படியானால் தவறே நடக்கவில்லையா? நடந்தது. நிறுவனர் குடும்பத்தார் வழிவழியாக இணைவேந்தராக இருந்த காலத்தில், பணியாளர் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. சம்பளம் கொடுக்க முடியாத நிலை வந்தது. 2013இல் அரசு சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. பிறகு ஆயிரக்கணக்கானவர்களை வேறு அரசு நிறுவனங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

"தனியாரிடம் இருந்ததால்தான் கெட்டது" என்று இதை வைத்துச் சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. 2014-15க்குப் பிறகு அனுமதி இல்லாமலே தொலைதூரப் படிப்புகளை நடத்தியதாக 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்ததே, அந்த ஆண்டுகளில் நிர்வாகம் யார் கையில்? கட்டியவர் தனியார், காப்பாற்றியது அரசு என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. இரண்டு கைகளும் கணக்குச் சொல்ல வேண்டும். 2014-15 வரை அங்கீகாரம் இருந்ததை அதே அறிவிப்பு சொல்கிறது. அதற்குள் படித்து முடித்தவர் தலை குனிய வேண்டியதில்லை. பின்னால் பணம் கட்டிச் சேர்ந்தவரும் குற்றவாளி அல்ல, ஏமாற்றப்பட்டவர்.

இது நமக்கு எதற்கு? 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகளும் அண்ணாமலையின் கீழ் வந்துவிட்டன. திண்டிவனம் அரசுக் கல்லூரிக்குப் போகும் நம் பேரப்பிள்ளைகளின் பட்டத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். இன்று நீங்கள் செய்யும் கேலி நாளை அவர்கள் தலையில் விழும்.

கேலியை விட்டுவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். சேர்க்கையின்போதே எந்தப் படிப்புக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் அனுப்புவதோடு நிற்காமல், ஆசிரியரையும் ஆய்வையும் நம் பக்கம் அனுப்பச் சொல்லுங்கள். பரங்கிப்பேட்டையில் அவர்களுக்குப் பெயர்பெற்ற கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்தில் கழுவேலி இருக்கிறது, உப்பளம் இருக்கிறது. உப்பளத் தொழிலாளியின் மகள் அந்த மையத்தில் ஆராய்ச்சி செய்ய ஏன் வழி இருக்கக் கூடாது?

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ஆண்டும் கணக்கும் போட்டு எழுதுங்கள். சிரிப்புப் பொம்மைக்கு மதிப்பெண் கிடையாது.