வரிசையில் நில் என்றார்கள்... வரிசை எங்கே?

2021 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் ஆதார் அட்டை. ஓ.டி.பி. வருமா, வராதா என்று திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வந்தது. அவசரமாக அடித்தீர்கள், பின்கோடு போட்டீர்கள். ஓரிடத்தில் நாலு ஊசி பாக்கி இருப்பதாகக் காட்டியது. தொடுவதற்குள் அதுவும் போச்சு! மறுபடி முதலிலிருந்து.

'தட்டுப்பாடு சார், என்ன பண்றது?' என்று அன்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இன்றைக்கும் பலர் அதையேதான் சொல்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் தட்டுப்பாடு வரும்போதுதானே க்யூவே தேவைப்படுகிறது? எல்லோருக்கும் இருக்கிறதென்றால் எதற்கு வரிசை?

ஆரம்பத்தில் வரிசை ஒழுங்காகத்தான் இருந்தது. 2021 ஜனவரி 16-ல் மருத்துவ ஊழியர்கள். பிப்ரவரியில் போலீஸ், துப்புரவுப் பணியாளர் போன்ற முன்களப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் அறுபது வயதைத் தாண்டியவர்களும், நாற்பத்தைந்தைத் தாண்டிய நோயாளிகளும். ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து வயதான எல்லோரும். யாருக்கு ஆபத்து அதிகமோ அவர் முன்னால். இதில் யார் குறை சொல்ல முடியும்?

இரண்டாவது அலையில் ஆக்சிஜனுக்கு நாடே அலறிக்கொண்டிருந்தபோது, மே 1 முதல் பதினெட்டு வயதானவர்களுக்கும் ஊசி என்று அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் அதற்குத் தேவையான மருந்து கையில் இல்லை. 18 முதல் 44 வரை உள்ளவர்கள் 'கோவின்' தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்று ஒரு பூட்டையும் போட்டார்கள். ஏப்ரல் 28-ந் தேதி பதிவு ஆரம்பித்த அன்றே ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் முண்டியடித்தார்கள்.

அவர்களில் முதலில் ஊசி கிடைத்தது யாருக்கு? தினமும் நூறு பேரை ஏற்றி இறக்கும் கண்டக்டருக்கா? நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கா? நல்ல போன், வேகமான நெட், ஆங்கிலம், பட்டப்பகலில் திரை முன்னால் உட்கார நேரம், இது நாலும் யாரிடம் இருந்ததோ அவருக்கு. கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள் இடம் காலியானால் தகவல் சொல்ல புரோகிராமே எழுதினார்கள். பெருநகரங்களிலிருந்து காரில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். உள்ளூர்க்காரர் வேடிக்கை பார்த்தார். போனவர்களை நான் திட்டவில்லை. உயிர் பயம். க்யூவை ஓட்டப்பந்தயமாக மாற்றியவர்களைத்தான் கேட்கிறேன்.

ஜூன் மாதம் கோவினில் இந்திய மொழிகளைச் சேர்த்தார்கள். முதல் பட்டியலில் தமிழ் இல்லை! நாம் சத்தம் போட்ட பிறகுதான் வந்தது.

விலை விஷயம் இன்னும் அழகு. அதே கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300 (முதலில் சொன்னது 400), தனியார் ஆஸ்பத்திரிக்கு 600. இளைஞர்களுக்கு மட்டும் காசு என்ற கொள்கை தன்னிச்சையானது, மேலோட்டமாகப் பார்த்தாலே அறிவுக்குப் பொருந்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இணைய வசதி இல்லாதவர்கள் கதி என்ன என்றும் கேட்டது. அதன் பிறகு ஜூன் 7-ல் பிரதமர் மாற்றி அறிவித்தார். 21-ந் தேதி முதல் 18 வயதானவர்களுக்கும் மத்திய அரசின் இலவச ஊசி.

'இவ்வளவு பெரிய நாட்டில் வேற எப்படிங்க பண்ண முடியும்?' என்பீர்கள். முடியும். நம் கண் முன்னாலேயே செய்தார்கள்.

2021 சட்டமன்றத் தேர்தலில் எண்பது வயது தாண்டியவர்கள் விருப்பப்பட்டால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட ஏற்பாடு செய்தார்கள். அதிகாரிகள் வீடு தேடி வந்தார்கள். அதே தாத்தா ஊசிக்கு மட்டும் ஆட்டோ பிடித்துப் போய், 'ஸ்டாக் இல்லை' என்ற போர்டைப் படித்துவிட்டுத் திரும்பினார். அதே மே மாதம் 2,000 ரூபாய் கொரோனா நிவாரணத்துக்கு ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாக டோக்கன் கொடுத்தார்கள். தேதி, நேரத்தோடு! 1995 முதல் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறோமே, எந்தக் குழந்தையிடமாவது ஓ.டி.பி. கேட்டோமா?

வீடு வீடாகப் போய் ஊசி போடுவது சாத்தியமில்லை என்று மும்பை உயர் நீதிமன்றத்தில் சொன்னது மத்திய அரசு. அதே அரசு 2021 நவம்பரில் வீடு வீடாகக் கதவைத் தட்டும் இயக்கத்தை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் செப்டம்பர் 12-ந் தேதி ஏறத்தாழ 40,000 இடங்களில் முகாம் நடந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். மருந்து இருந்தால் நம் ஊழியர்களால் முடியும். மருந்து குறைவாக இருந்தபோது வேண்டியது ஒரு டோக்கன், ஒரு தேதி, அவ்வளவுதான்.

கோவினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூலையில் 200 கோடி டோஸைத் தாண்டியபோது அத்தனைக்கும் கணக்கு வைத்திருந்தது அதுதான். சான்றிதழும் உடனே வந்தது. பதிவேடாக அது நல்ல பதிவேடு. அதையே வாசல் கதவாக்கி, போன் இல்லாதவரை வெளியே நிறுத்தியதுதான் தப்பு. அந்தக் கட்டாயம் தேவையே இல்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அரசு மையங்களில் இளைஞர்களும் நேரில் பதிந்துகொள்ளலாம் என்று மே 24-ந் தேதி அவர்களே அனுமதித்தார்கள்.

முடிந்த கதையை இப்போது எதற்குக் கிளற வேண்டும்? முடியவில்லை என்பதால்தான். குழந்தைகள், கர்ப்பிணிகளின் தடுப்பூசிகளுக்கு கோவின் மாதிரியிலேயே 'யூ-வின்' வந்திருக்கிறது. நாளைக்கு இன்னொரு கிருமி வரும். அன்றைக்கும் மருந்து முதலில் கொஞ்சமாகத்தான் இருக்கும். யார் முன்னால், யார் பின்னால், ஏன் என்பதை அரசு முதலிலேயே எழுதி ஒட்ட வேண்டும். தேதி போட்ட டோக்கனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். போன் வைத்திருப்பது வசதியாக இருக்கலாம், தகுதியாக இருக்கக் கூடாது.

இதை அரசு தானாகச் செய்யும் என்று நம்பாதீர்கள். எந்த கவுன்ட்டரிலாவது 'ஆன்லைன்ல போட்டுட்டு வாங்க' என்று உங்கள் முன்னால் ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பினால், 'அவரால் முடியாதுன்னா வேற என்ன வழி வெச்சிருக்கீங்க?' என்று கேளுங்கள். உங்கள் வேலை முடிந்த பிறகும் நின்று கேளுங்கள்.