மேல் பாதி யாருக்கு?

இலண்டனில் வசிக்கும் என் சாச்சா நச்சு அம்புத் தவளைகள் இரண்டு வளர்க்கிறார். "பிள்ளைகள் உள்ள வீட்டில் நஞ்சை வைத்திருக்கிறாயே" என்று வாப்பும்மா தொலைபேசியில் ஏசாத நாளில்லை. அந்தப் பயம் தேவையற்றது. காட்டில் தின்னும் எறும்பு, சிற்றுண்ணி போன்றவற்றிலிருந்தே இத்தவளைகளுக்கு நஞ்சு சேர்கிறது. பெட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்பவற்றில் அது இருப்பதில்லை. என் முறைப்பாடு வேறு.

அவை பெரு நாட்டு ரனிட்டோமேயா இமிற்றேற்றர் இனம். ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளந்தான்; ஆனால் ஏறுவதே அவற்றின் சுபாவம். சாச்சாவோ முதலில் நீண்டு தாழ்ந்த கண்ணாடிப் பெட்டியொன்றில் நீர்வீழ்ச்சி, கூழாங்கல், பாசி எல்லாம் வைத்து அழகுபடுத்தினார். வீடியோவில் பார்த்த நாங்களும் மாஷா அல்லாஹ் என்றோம். தவளைகள் இரண்டும் மூடிக்கருகே மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு 60 சென்ரிமீற்றர் உயரப் பெட்டி வந்தது. அப்போதும் செடிகள் அடியில். மேல் பாதி வெறுங் கண்ணாடி. ஏறிப் போய்ச் சேர ஓர் இடமில்லாவிட்டால் உயரத்தால் என்ன பயன்? காட்டில் ஆண் தவளை வாற்பேய்களைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாக முதுகில் சுமந்துபோய், இலைக்கக்கங்களில் தேங்கிய நீரில் விடுகிறது. சில தேக்கரண்டி நீர். அதில் உணவு போதாது. ஆண் கூப்பிட, பெண் வந்து கருக்கட்டாத முட்டையிட்டு ஊட்டுகிறது. (நம் நாட்டுப் புதர்த்தவளைகள் பலவற்றுக்கு இந்த அலைச்சல் இல்லை. முட்டையிலிருந்தே குட்டித் தவளைகளாக வந்துவிடுகின்றன.)

ஆகவே பின்சுவரில் தக்கை மரப்பட்டை ஒட்டி, அன்னாசிக் குடும்பத்துப் புரோமிலியாட் செடிகளை வெவ்வேறு உயரங்களில் பொருத்த வேண்டும். குறுக்கே கிளைகள், கீழே காய்ந்த இலைகள், அதற்கும் கீழே வடிகால். விளக்கின் சூடு மேலேதான் சேரும். 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஆபத்து. நீர்வீழ்ச்சி நம் கண்ணுக்குத்தான். அதை எடுத்துவிடலாம்.

"அடைத்து வைத்த பிறகு என்ன உயரம்?" என்று வாப்பா கேட்டார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. காட்டில் பிடித்தவற்றை வாங்கவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெட்டியில் பிறந்தவற்றைக் கொண்டுபோய்க் காட்டில் விடவும் முடியாது. அப்படியானால் அந்தப் பெட்டியையாவது அவற்றுக்கேற்ப அமைத்துக் கொடுக்க வேண்டாமா?

சாச்சா சென்ற விடுமுறையில் எல்லாவற்றையும் பிரித்து மாற்றினார். இப்போது தவளைகள் மேலே இலைகளுக்குள்தான். சாச்சிக்கு மட்டும் திருப்தியில்லை. இவ்வளவு காசு கொடுத்து வாங்கியவை வருகிறவர்களின் கண்ணில் படுவதேயில்லையாம்.