டி.சி. வாங்கிய பிறகு

நீட் எழுதி இடம் கிடைக்காமல் போன மாணவர் ஜூன் மாதத்தில் யாருடைய பதிவேட்டிலும் இல்லை. பள்ளி டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டது. கல்லூரி இன்னும் சேர்க்கவில்லை. பயிற்சி மையமோ கட்டணம் கட்டும்வரை பெயரைக்கூட எழுதிக்கொள்ளாது. அந்த இடைவெளியில்தான் "இன்னொரு வருஷம் போடலாமா சார்?" என்ற கேள்வி நம்மிடம் வருகிறது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை பக்கத்துப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டிகளாக இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. பழகிப்போனதாலேயே நின்ற வாக்கில் பதில் சொல்லிவிடுகிறோம்: "நல்லாப் படிக்கிற பொண்ணு, போடுங்க" என்றோ, "பேசாம நர்சிங் சேர்த்துடுங்கம்மா" என்றோ. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான், அந்த மொத்த மதிப்பெண். மொத்த மதிப்பெண் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது என்பதுதான் இந்த இதழில் நாம் வலியுறுத்த விரும்புவது.

720க்கு 420 எடுத்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 180 கேள்விக்கும் விடை குறித்தார். 120 சரி, 60 தவறு. சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு என்று போட்டால் 420. மற்றவர் 105 கேள்விக்கு மட்டும் விடை குறித்தார், அத்தனையும் சரி. மீதி 75ஐத் தொடவே இல்லை. அவருக்கும் 420. முதலாமவருக்கு வேண்டியது தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம். இரண்டாமவருக்குப் பாடமே பாதி மீதமிருக்கிறது, அல்லது நேரம் போதவில்லை. இந்த இருவரையும் ஒரே 'ரிப்பீட்டர் பேட்ச்'சில் உட்காரவைத்து, இயற்பியல் முதல் பாடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினால் ஒருவருக்காவது அந்த ஆண்டு வீண். யாருக்கு எது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே காகிதம் விடைத்தாளின் ஸ்கேன் பிரதி. தேசியத் தேர்வு முகமை அதையும் விடைக்குறிப்பையும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நம்மிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் அதைக் கையில் கொண்டுவருகிறவர்கள் மிகக் குறைவு.

மதிப்பெண்ணை ஆண்டோடு ஆண்டு ஒப்பிடுவது அடுத்த குழி. பொதுப் பிரிவில் தகுதிக்கு வேண்டியது ஐம்பதாவது பெர்சென்டைல். அதற்குரிய மதிப்பெண் 2022இல் 117, 2023இல் 137, 2024இல் 162, 2025இல் 144. ஆளும் அதே, உழைப்பும் அதே என்றாலும் மதிப்பெண் ஏறி இறங்கும். 2024இல் வினாத்தாள் சர்ச்சையும் மதிப்பெண் வீக்கமுமாக நாடே அமளிப்பட்டது. 2025இல் இயற்பியல் கடினமாக வந்து முதலிடமே 686இல் நின்றது. போன ஆண்டைவிட 50 மதிப்பெண் குறைந்துவிட்டதென்று அழும் மாணவர் உண்மையில் தரவரிசையில் முன்னேறியிருக்கலாம். ஒப்பிட வேண்டியது பெர்சென்டைலையும் தரவரிசையையும்தான். மாநிலத் தேர்வுக் குழு வெளியிடும் பட்டியலில், அந்த மாணவரின் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவர் எங்கே நின்றார் என்று பார்க்க வேண்டும். 'தகுதி பெற்றார்' என்பதை 'இடம் பெறுவார்' என்று படித்துவிடவும் கூடாது. 2025இல் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. "நம்ம திருவள்ளூர்லயே மெடிக்கல் காலேஜ் வந்துடுச்சே" என்று பெற்றோர் சொல்வதுண்டு. 2022இல் வந்தது உண்மை. அதன் இடங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை அல்ல.

இனி நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியது, கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. ஆந்திரத்து நகரியில் மாமா வீடு, புத்தூரில் அத்தை வீடு. பிள்ளை இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு வருவது இங்கே சாதாரணம். பத்தாம் வகுப்பு முடித்ததும் திருப்பதியில் இன்டர்மீடியட்டோடு சேர்த்து நீட் கோச்சிங் என்று அனுப்பிவிடும் வீடுகளும் உண்டு. அதன் விலை என்னவென்று அப்போது யாரும் சொல்வதில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. (கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் சேர்த்தி.) நடுவே ஓராண்டு நகரியில் படித்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஆந்திரத்தின் கதவும் திறக்காது. அங்கே உள்ளூர் மாணவராக, தகுதித் தேர்வோடு முடியும்படி தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும். இன்டர்மீடியட் இரண்டு ஆண்டுதான். வெளியே படித்தவர் தமிழ்நாட்டில் பொதுவான மாநில ஒதுக்கீட்டுக்கே இருப்பிடச் சான்று, பெற்றோரின் சான்றுகள் என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

சாதிச் சான்றும் அப்படித்தான். ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒரு மாணவர் மும்பையில் மருத்துவ இடம் கேட்ட வழக்கில், ஒரு மாநிலத்துப் பட்டியல் உரிமை மற்றொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. மரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அதற்குப் பெயர். எல்லையோர ஆலோசகர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு.

ஆறுதலான செய்தியும் உண்டு, அதையும் நாம் சொல்வதில்லை. பிளஸ் டூ முடித்த பிறகு திருப்பதியிலோ நெல்லூரிலோ 'லாங் டெர்ம்' நீட் பயிற்சியில் சேர்ந்தால் 7.5 உரிமை போகாது. கணக்கில் வருவது பள்ளிப்படிப்பு மட்டுமே. மறுமுறை எழுதுகிறவர்களுக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு. மறுமுறையில் மொழியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். தெலுங்கு வினாத்தாள் ஆந்திர, தெலங்கானா மையங்களில்தான் கிடைக்கும். தெலுங்கு வழியில் படித்த நம் மாணவர் தமிழ்நாட்டு மையத்தைத் தேர்ந்தால் தெலுங்கில் எழுத முடியாது. முதல்முறை தடுமாறியது உயிரியலிலா, கேள்வியின் மொழியிலா என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியோரின் பங்கு 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42. மறுமுறை எழுதுவது இனி வெட்கப்படும் விஷயமல்ல என்று மாணவருக்குச் சொல்ல இந்த எண்ணைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் மறுமுறை எழுதினால் கிடைத்துவிடும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டும் விளம்பரங்களை நம்பக்கூடாது. இது உள்ளே போனவர்களின் கணக்கு. எழுதி எழுதி வெளியே நின்றவர்களின் கணக்கை யாரும் பலகையில் எழுதி மாட்டுவதில்லை. 'நீட்டே போயிடும்' என்று காத்திருப்பவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. தேர்வை எதிர்ப்பது வேறு, அது நீங்கிவிடும் என்று நம்பிப் படிக்காமலிருப்பது வேறு. தமிழ்நாட்டின் நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரல் 4 அன்று சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் அறிவித்தார்.

ஆகவே இரண்டாம் முறைக்கு நம் பரிந்துரை எளிமையானது: என்ன மாறப்போகிறது என்று மாணவரால் சொல்ல முடிந்தால் போடலாம். அதே அறை, அதே நோட்ஸ், கூடுதலாக மன உளைச்சல் மட்டும் என்றால் வேண்டாம். மூன்றாம் முறைக்கு இன்னும் கண்டிப்பு தேவை. இரண்டாம் முறையில் பெர்சென்டைல் நகர்ந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பும் முயற்சி வரம்பும் இல்லை என்பதால் எல்லையை வீடும் நாமும்தான் போட வேண்டும். அம்மையார்குப்பத்திலோ பொதட்டூர்பேட்டையிலோ தறியை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஓராண்டுப் பயிற்சி என்பது கடன். மூத்த பெண்ணுக்கு ஓராண்டு என்றால் கூடவே கல்யாணப் பேச்சும் எழும். வீட்டுக்காரர்களை ஒருமுறை தனியாகவும் பிள்ளையை ஒருமுறை தனியாகவும் கேட்காமல் முடிவு சொல்லாதீர்கள். தேர்வு முடிவு வெளிவந்த வாரத்தில் எந்தத் தீர்மானமும் வேண்டாம். தூக்கம் கெட்டவர், பேச்சைக் குறைத்தவர் என்று தெரிந்தால் 104க்கோ 14416க்கோ நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பேச வையுங்கள்.

காத்திருக்கும் ஆண்டில் கையில் வேறு இடம் வைத்துக்கொள்வது கோழைத்தனம் என்று நாம் நினைக்கவில்லை. கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் போதும். வெளிநாடு என்றால் நீட் தகுதி மூன்றாண்டு செல்லும். திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆனால் எந்த இடத்தையும் எடுக்குமுன் அந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டைப் படியுங்கள். விட்டு விலகினால் என்ன அபராதம், அடுத்த ஆண்டு கவுன்சலிங்கில் தடை உண்டா என்பது சுற்றுக்குச் சுற்று வேறுபடும். கடைசிச் சுற்றுகளில் ஒதுக்கிய இடத்தை மறுப்பது மிகவும் ஆபத்தானது.

இவை எல்லாவற்றுக்கும் விடைத்தாள் பிரதி கையில் இருக்க வேண்டும். அது வெளியாகும்போது பெரும்பாலும் பள்ளிக்கு விடுமுறை. பாதி மாணவர்களின் விண்ணப்பத்தில் இருக்கும் மின்னஞ்சல் பிரவுசிங் சென்டர்காரருடையது, கடவுச்சொல்லும் அவரிடம்தான். வரும் ஆண்டு விண்ணப்பம் போடும்போது மாணவரின் சொந்த மின்னஞ்சல், சொந்தக் கைபேசி எண் என்று பள்ளியின் ஹைடெக் ஆய்வகத்திலேயே உட்காரவைத்துப் பதியுங்கள். விடைத்தாள் வெளியாகும் வாரத்தில் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வந்துபோக ஏற்பாடு செய்யுங்கள்.