அழியா நஞ்சும் அறிந்தோர் வாய்வாளாமையும்

உண்ணும் நீரில் நஞ்சு கலந்தவனைக் கொலைஞன் என்கிறோம். கலந்திருப்பது நஞ்சென்று அறிந்தும் வாய்வாளாதிருந்தவனை என்னென்பது?

அமெரிக்க நாட்டின் மேற்கு வர்சீனியாவில், ஒகையோ ஆற்றங்கரையில் தூபாண்டு நிறுவனம் நடத்திய ஆலை, சட்டியில் ஒட்டாத தெப்லான் ஆக்கத்திற்கென 1951 முதல் ஒரு வேதியத்தைப் பயன்படுத்திற்று. 'சி-8' என்பது அதற்கு இட்ட குறிப்பெயர். அதன்கண் உள்ள கரிம-புளூரின் பிணைப்பு மிக வலியது. கதிரவன் வெப்பமும் நுண்ணுயிரும் அதனை எளிதிற் சிதைக்கமாட்டா. மண்ணிற் புகுந்தால் நீரிற் சேரும். நீர்வழி உடலிற் புகுந்தால் குருதியில் ஆண்டுக்கணக்கில் தங்கும். நீரைக் காய்ச்சினாலும் அது போகாது.

எலிக்குட்டிகளின் கண்ணிற் பழுது நேர்ந்ததென்னும் ஆய்வுச் செய்தி 1981-இல் வந்ததும், ஆலையார் அப்பணியினின்று பெண்டிரை விலக்கினர். 1984-இல் அயலூர்க் குழாய்நீரிலும் அவ்வேதியத்தைக் கண்டனர். தம் பணிப்பெண்டிரை விலக்கத் தெரிந்தவர்க்கு, ஊர்ப்பெண்டிர்க்கு ஒரு சொல் உரைக்க நாவெழவில்லை!

மாடுகள் மாண்டுவிழக் கண்ட உழவர் ஒருவர், பிலாட்டு என்னும் வழக்கறிஞரை நாடி 1999-இல் வழக்குத் தொடுத்த பின்னரே மறைவு வெளிப்பட்டது. ஏறத்தாழ 69,000 மக்களின் குருதி ஆய்வுக்கு வந்தது. சிறுநீரகப் புற்று, விதைப் புற்று, கேடயச் சுரப்பி நோய், பெருங்குடற் புண், சூலுற்றார்க்கு வரும் குருதியழுத்தம், மிகைக் கொழுப்பு ஆகிய ஆறற்கும் இந்நஞ்சிற்கும் தொடர்பிருத்தற்கே வாய்ப்பு மிகுதியென 2012-இல் அறிஞர் குழு முடித்துரைத்தது. 2023-இல் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வகம், இது மாந்தர்க்குப் புற்று விளைப்பதென்றே வகைப்படுத்திற்று. 2024-இல் அமெரிக்க அரசு குடிநீர்க்கு வகுத்த வரம்பு, நூறாயிரங் கோடிப் பங்கிற்கு 4 பங்கே!

2017-இல் 3,500-க்கு மேற்பட்ட வழக்குகட்கு ஏறத்தாழ 67 கோடித் தாலர் ஈடு தர இசைந்தனரே என்பார் உளர். ஈட்டுப்பணம் மாண்டாரை மீட்குமோ? குருதியிற் கலந்ததை வடித்தெடுக்குமோ?

யாம் அறிவியலைப் பழித்தோமல்லேம். இத்தீங்கை அளந்து காட்டியதும், செறிவூட்டிய கரியால் வடித்தால் அது பெரிதுங் குறையுமெனக் கண்டதும் அறிவியலே. எம் வழக்கு வேறு. ஒரு பொருள் தீங்கற்றதென்பதை அதனை ஆக்குவோனே முன்னர் மெய்ப்பித்தல் வேண்டும். அது தீங்குடையதென்பதை உண்போன் செத்து மெய்ப்பித்தல் முறையாகாது. அதன் பெயரும் கேடும் மக்கள் அறியும் மொழியில் முன்னரே உரைக்கப்படல் வேண்டும். 'சி-8' என்றது எவர்க்கு விளங்கும்? 'அழியா நஞ்சு' என்று அன்றே அறைந்திருப்பின், எந்தத் தாய் தன் மகவுக்கு அந்நீரை ஒரு குவளையேனும் மொண்டிருப்பாள்?

பெயரை மறைத்தவர் உயிரைப் பறித்தார். ஆலை எழுமுன் அதன் கழிவின் பெயரைக் கேளுங்கள். விளங்கும் மொழியில் விடை வரும்வரை விடாது கேளுங்கள்!