நாலு சக்கர வண்டி பங்களாவுக்கா, வேலைக்காட்டுக்கா?

தொழிலாளத் தோழர்களே! கிராணிமாரே!

தோட்டத்துக்குப் புதிய பிக்கப் வண்டி வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அது நிர்வாகத்தின் விஷயம், நமக்கென்ன என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். கடைக்காரர் விலைப் பட்டியலோடு ஆபீசுக்கு வருகிறார். பேசுகிறார்கள், கையெழுத்தாகிறது, வண்டி வந்து நிற்கிறது. அதன் பிறகு அந்த வண்டியில் ஏறி வேலைக்காட்டுக்குப் போகிறவர் யார்? அதில் பாலை ஏற்றுகிறவர் யார்? மழையில் அது புதைந்தால் சேற்றில் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளுகிறவர் யார்? நாம்தான்! தள்ளுவதற்குத் தோள் உள்ளவனுக்கு, எந்த வண்டி வேண்டும் என்று சொல்ல வாய் இல்லையா?

பிக்கப் வண்டியில் இரண்டு ஜாதி உண்டு. பின்சக்கரம் இரண்டை மட்டும் என்ஜின் ஓட்டுவது ஒன்று. நாலு சக்கரத்தையும் ஓட்டுவது மற்றொன்று. எது நல்லது என்று கேட்பது தவறான கேள்வி. எந்தச் சாலைக்கு, எந்தச் சுமைக்கு என்று கேட்பதே சரியான கேள்வி. தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு இரண்டு போதும். மேடு பள்ளமான மண்சாலையில், மழைக்காலத்தில், ஆளையும் பாலையும் ஏற்றும் வண்டிக்கு நாலு வேண்டும். இதுதான் நியாயம். ஆனால் பங்களாவுக்கும் பட்டணத்துக்கும் ஓடுகிற வண்டிக்கு நாலு சக்கர இயக்கமும், வேலைக்காட்டுக்குப் போகிற வண்டிக்கு இரண்டும் என்று தலைகீழாகப் பங்கு போடும் தோட்டங்கள் உண்டு. அந்தப் பங்கீட்டைத்தான் இங்கே எதிர்க்கிறோம்.

பழைய காலத்துப் பழக்கம்

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் என்ற வண்டி பிறந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960 ஜூலைவரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டத் துரைமார் பலர் அந்த வண்டியில்தான் காட்டுச் சாலைகளைச் சுற்றினர். நாலு சக்கர வண்டி என்றால் துரையின் வண்டி, லோரியும் டிராக்டரும் கூலிக்காரன் வண்டி என்ற எண்ணம் அந்தக் காலத்தில் ஊறிப் போனது.

துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். தோட்டங்கள் கைமாறின. எத்தனையோ ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாயின. மரம் சீவும் கத்தியை இன்று நம்மவரோடு இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் பிடிக்கிறார்கள். இத்தனையும் மாறியது, வண்டியில் மட்டும் அந்தஸ்து மாறவேண்டாமா?

வண்டி எப்படி ஓடுகிறது?

வாதாடுகிறவன் விஷயம் தெரிந்து வாதாட வேண்டும். ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சாதாரணப் பிக்கப்பில் என்ஜின் முன்னால் இருக்கிறது. அதன் பலம் நீண்ட தண்டு வழியாகப் பின்சக்கரங்களுக்குப் போகிறது. இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவே டிபரன்ஷல் என்ற பல்சக்கரப் பெட்டி உண்டு. வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் சுழல்வதற்கு அது வழி செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம். ஒரு சக்கரம் பிடி இழந்து வழுக்கினால் மற்ற சக்கரத்துக்கும் பலம் போய்ச் சேராது. ஒன்று சேற்றில் வீணாகச் சுற்றும். மற்றது கெட்டி மண்ணில் சும்மா நிற்கும். வண்டி அசையாது.

பின்பக்கம் பாரம் இருந்தால் பின்சக்கரம் மண்ணை அழுத்திப் பிடிக்கும். மேடேறும்போது பாரம் இன்னும் பின்னால் சாயும். ஆகவே காய்ந்த செம்மண் சாலையில் பாரம் ஏற்றிய இரண்டு சக்கர வண்டி நன்றாகவே ஏறும். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஹைலக்ஸ் வண்டி 1968இல் வெளிவந்தபோது இரண்டு சக்கர இயக்கம்தான். 1979இல்தான் நாலு சக்கர இயக்கம் வந்தது. இடைப்பட்ட பதினோரு ஆண்டும் அந்த வண்டி சுமை சுமக்காமலா இருந்தது?

வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. இரவு பெய்த மழையில் சாலை சோப்புப் போட்டதுபோல் இருக்கும். விடியற்காலையில் பெரட்டு முடிந்து காலித் தொட்டியோடு வண்டி வேலைக்காட்டுக்குப் புறப்படும். பின்பக்கம் பாரம் இல்லை. ஆகவே பின்சக்கரத்துக்குப் பிடியும் இல்லை. வழுக்குகிறது. நாலு சக்கரமும் ஓட்டினால், பின்னால் விட்டதை முன்சக்கரம் பிடிக்கும்.

இறக்கம் அதைவிடப் பொல்லாதது. இறங்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. இரண்டு சக்கர வண்டியில் கியரைக் குறைத்து இறங்கினால், என்ஜின் பிடித்து நிறுத்தப் பார்ப்பது அந்த இலேசான பின்சக்கரங்களை மட்டுமே. ஈரச் சாலையில் அவை இழுபட்டு, வண்டியின் பின்பக்கம் ஒரு புறமாகத் திரும்பிவிடும். நாலு சக்கர வண்டியில் ‘லோ’ என்ற தாழ்ந்த கியர் உண்டு. அதில் போட்டு முதல் கியரில் இறக்கினால், என்ஜின் நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வண்டி நடைவேகத்தில் அடக்கமாக இறங்கும்.

இப்போது துரை வண்டிக்கு வருவோம். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் நாலு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரம் போகும் தூரம் அதிகம். சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கிக் கழிந்துவிடும். காய்ந்த தாரில் கழியாது. தண்டும் பல்சக்கரமும் முறுகிக் கெடும். ஆகவே அவ்வகை வண்டியைத் தார்ச் சாலையில் நாலு சக்கரத்தில் ஓட்டக்கூடாது என்று வண்டி செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் பட்டணத்துக்குப் போகும் பங்களா வண்டி எப்படி ஓடுகிறது? இரண்டு சக்கரத்தில்தான்! காசு கொடுத்து வாங்கிய நாலு சக்கர இயக்கம் தார்ச் சாலையில் தூங்குகிறது. அது தேவைப்படும் இடத்தில் நம் தோழர்கள் சேற்றில் நின்று வண்டியைத் தள்ளுகிறார்கள். இது என்ன கணக்கு?

“செலவு” என்கிறார்களா?

செலவு கூடும் என்பது உண்மை. நாலு சக்கர வண்டிக்கு விலை அதிகம். முன்பக்கத்துக்கும் ஒரு டிபரன்ஷல், ஒரு தண்டு, பலத்தைப் பிரிக்கும் ஒரு பெட்டி, அவற்றுக்கெல்லாம் எண்ணெய் என்று பராமரிப்பும் அதிகம். எடை கூடுவதால் டீசலும் சற்று அதிகம் குடிக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறியது. அந்த ஏற்றத்தைக் காட்டி, வேலைக்காட்டு வண்டிக்கு இரண்டு சக்கரம் போதும் என்று யாராவது சொன்னால், உடனே பென்சிலை எடுங்கள்.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கூடுதலாகக் குடித்தாலும் மாதத்துக்கு 15 லிட்டர். அந்த 3 வெள்ளி 35 காசு விலையில் 50 வெள்ளி 25 காசு. நாளைக்கு இரண்டு வெள்ளிகூட இல்லை!

மறுபக்கத்தையும் எழுதுங்கள். பால் வாளியில் காத்திருக்காது. விடியலில் சீவிய மரத்தின் பாலை நண்பகலுக்கு முன் சேர்த்து இஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். பிந்தினால் உறைய ஆரம்பிக்கும். உறைந்த பாலுக்குப் பால் விலை கிடையாது. வண்டி ஒரு முறை புதைந்தால் அதை இழுக்க டிராக்டர் வேண்டும், ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அந்த நேரத்தில் கெட்ட பால் யார் கணக்கில் போகிறது? தள்ளிய நேரத்துக்குக் கூலி எழுதப்படுகிறதா? சம்பளத்தை எடையும் தரமும் தீர்மானிக்கும்போது, வண்டி புதைந்த நஷ்டம் கடைசியில் மரம் சீவியவன் தலையில் விடிகிறது. நிர்வாகம் மிச்சம் பிடித்த இரண்டு வெள்ளியை நாம் கட்டுகிறோம்.

இன்னொரு பொய்யும் உண்டு

நாலு சக்கர வண்டி கேட்டு வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். “நாலு வீல் இருக்கிறதே, எந்த மழையிலும் ஏறு!” என்று டிரைவரை விரட்டுகிறவர்கள் வருவார்கள். அது முந்தியதைவிடக் கொடிய பொய்.

நாலு சக்கர இயக்கம் வண்டியை நகர்த்தும். பிரேக்கை மிதித்தால் நிறுத்துவது அதன் வேலை அன்று. எல்லா மோட்டார் வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும் உண்டு. நிற்பது டயரின் பிடியைப் பொறுத்தது. தேய்ந்த டயரில் ஓடும் நாலு சக்கர வண்டி, நல்ல டயரில் ஓடும் இரண்டு சக்கர வண்டியைவிட ஆபத்தானது. ஏனென்றால் அது போகக்கூடாத இடம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கே கைவிடும்.

பால் தொட்டியையும் மறக்காதீர்கள். ஆயிரம் லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு டன். ஒரு டன் வண்டி என்று பெயர் பெற்ற பிக்கப்புக்கு அதுவே முழுச் சுமை. அதன்மேல் ஆள் ஏற்ற இடமே இல்லை. அரைத் தொட்டிப் பால் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் சாய்க்கும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு வேண்டும். எத்தனை சக்கரம் ஓட்டினாலும் சாமான் ஏற்றும் பின்தட்டு மனிதன் உட்காரும் ஆசனம் ஆகாது.

கடைக்காரர் காட்டுவதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். உயரமாக நிற்கும் வண்டியெல்லாம் நாலு சக்கர வண்டி அன்று. அதே உயரத்தில், அதே முகத்தோடு, இரண்டு சக்கர வண்டியும் விற்கிறார்கள். டிரைவர் பக்கத்தில் 2 எச், 4 எச், 4 எல் என்று மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ‘எல்’தான் இறக்கத்தில் உயிர் காக்கும் தாழ்ந்த கியர்.

சொந்தமாகப் பிக்கப் வாங்க ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கும் இதே நியாயந்தான். வீட்டிலிருந்து தார்ச் சாலையில் வேலைக்குப் போய்வர நாலு சக்கர இயக்கம் எதற்கு? ஒன்பது வருடத் தவணையில் அந்தஸ்து வாங்காதீர்கள். இரண்டு சக்கர வண்டியையும் நல்ல டயரையும் வாங்குங்கள். மீதிப் பணம் பிள்ளைகள் படிப்புக்கு ஆகும்.

நாம் கேட்க வேண்டியவை

நாம் கேட்பது தயவு அன்று. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இயன்ற அளவு பாதுகாப்பான முறையில் வேலை நடக்கச் செய்வது முதலாளியின் கடமை என்கிறது. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தம் இன்னொரு உரிமையும் தந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறதென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது.

ஆகவே அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் இவற்றை எழுத்து மூலம் வையுங்கள்:

1. தோட்டத்தின் நாலு சக்கர வண்டி, தாழ்ந்த கியரோடு, முதலில் வேலைக்காட்டுக்கு. பட்டணத்துக்கு ஓடும் வண்டிக்கு இரண்டு சக்கரம் போதும்.

2. நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். நாலு சக்கர வண்டியில் ஒரு டயர் புதிது, மூன்று பழசு என்று மாட்டினால் பல்சக்கரம் கெடும்.

3. ஆள் ஏற்றும் வண்டி வேறு, பால் ஏற்றும் வண்டி வேறு. ஆள் ஏற்றும் வண்டியில் ஆசனமும் வாரும் வேண்டும்.

4. டிரைவருக்குத் தாழ்ந்த கியரில் ஏறவும் இறங்கவும் பழக்கம் கொடுக்க வேண்டும். சாலை சரியில்லை என்று அவர் சொன்னால் அதுவே முடிவு. மண்டோரோ மானேஜரோ அதை மாற்றக்கூடாது.

5. சாலையோரக் கான்களை மழைக்காலத்துக்கு முன் வெட்ட வேண்டும். தண்ணீர் நிற்கும் சாலையில் எட்டுச் சக்கரமும் புதையும்.

கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. இந்தப் போராட்டத்தில் உங்கள் பேனாவுக்கு வேலை இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வண்டி புதைந்த தேதி, இடம், தள்ளியவர் எத்தனை பேர், போன நேரம், கெட்ட பால், குடித்த டீசல், மாற்றிய டயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் எழுதிய நோட்டு மேஜைமேல் விழுந்தால், “செலவு கூடும்” என்ற பேச்சு தானே அடங்கும். வாய்ச்சொல்லை மறுக்கலாம், கணக்கை எப்படி மறுப்பது?

தோழர்களே! புதைந்த வண்டியைத் தள்ள எல்லோரும் ஒன்றாகக் கை கொடுக்கிறோம். அந்த வண்டி புதையாமல் இருக்கக் கேட்பதற்கும் எல்லோரும் ஒன்றாக வாய் திறப்போம். நாலு சக்கரம் யாருக்கு என்பதை அந்தஸ்து தீர்மானிக்க வேண்டாம். சேறும் சுமையும் தீர்மானிக்கட்டும்!