காண்பதும் தொண்டே

தொண்டு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை துடைப்பமும் மண்வெட்டியும் குப்பைக் கூடையுமே. அவை தோன்றுவதில் தவறில்லை. ஆனால், நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்காக மாமல்லபுரத்தில் 7 நாள்கள் தங்கித் திரும்பிய எங்களிடம் பலர் ஒரே கேள்வியைக் கேட்டனர். “குப்பை பொறுக்கினீர்கள், சரி. சிற்பம் பார்க்க இரண்டு பிற்பகல் எதற்கு? அது சுற்றுலா அல்லவா?” பெண்பிள்ளைகளை ஒரு வாரம் வெளியூரில் தங்கவிடுவது எந்தப் பெற்றோருக்கும் எளிதன்று. அப்படி அனுப்பிய நாள்கள் வீணாகக் கூடாது என்று அவர்கள் எண்ணுவது நியாயமே. ஆகவே மழுப்பாமல் விடை கூறுவது எங்கள் கடமை. அந்த இரண்டு பிற்பகல்களும் முகாம் வேலையின் ஒரு பகுதியே என்பது எங்கள் துணிபு.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பெற்றது. ‘நான் அல்ல, நீ’ என்னும் பொருள்படும் சொற்களே அதன் குறிக்கோள். நாங்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் சின்னத்தை உற்றுப் பாருங்கள். அதில் உள்ளது ஒரு தேர்ச் சக்கரம். ஒடிசாவின் கோனார்க்கில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சூரியன் கோயிலின் கற்சக்கரமே அது. அதன் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் எட்டு யாமங்களைக் குறிப்பன. எந்நேரமும் தொண்டுக்கு ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பது கருத்து. தொண்டுக்குச் சின்னம் தேடியவர்கள் ஒரு சிற்பியின் கைவேலையைத் தேர்ந்தனர். அச்சின்னத்தை அணிந்த நாங்கள் சிற்பத்தின் முன் நிற்பது எப்படிப் பொருந்தாமற்போகும்?

மாமல்லபுரம் சிறிய ஊர். பேருந்து நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நிற்கலாம். ஏறத்தாழ 90 அடி நீளம். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காண நுழைவுச்சீட்டு உண்டு. இந்தப் பாறையோ தெருவைப் பார்த்து நிற்கிறது. பால்காரரும் பள்ளிப் பிள்ளையும் மீன் கூடை சுமப்பவரும் நாள்தோறும் அதைக் கடந்தே செல்கின்றனர். ‘பொதுக்கலை’ என்று இன்று பேசுகிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமா?

அர்ச்சுனன் தவம் என்பாரும் பகீரதன் தவம் என்பாரும் இன்னும் வாதிடுகின்றனர். எங்கள் கண்ணைக் கவர்ந்தவை அருகில் நின்றால் மட்டும் தெரியும் சிறுசிறு காட்சிகள். நின்று தவமியற்றும் பூனை. அதன் காலடியில் அச்சமின்றி எலிகள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். பெரிய யானையின் கால்களுக்கிடையில் குட்டிகள். பக்கத்திலேயே உள்ள கிருஷ்ண மண்டபத்தில், பால் கறப்பவருக்குப் பால் தந்துகொண்டே கன்றை நக்கிக்கொடுக்கும் பசு. அரசனின் புகழைப் பாடவந்த சிற்பி, தன் தெருவில் கண்ட பசுவையும் மறக்கவில்லை.

இதைக் கண்டதனால் எங்கள் வேலையில் விளைந்தது என்ன? முதல் இரண்டு நாள்கள் நாங்கள் சாக்குகளை எண்ணினோம். இன்று எத்தனை சாக்குக் குப்பை, நேற்று எத்தனை என்பதே பேச்சு. மாலையில் கூட்டிய இடம் மறுநாள் காலையில் பழையபடி கிடந்தது. இளநீர் உறிஞ்சும் குழல்களும் தேநீர்க் குவளைகளும் தின்பண்ட உறைகளும் வந்தவண்ணம் இருந்தன. ஒருமுறை மட்டும் பயன்படும் ஞெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை விதித்துள்ளது. எனினும் சட்டம் எழுதிய தாள், குப்பையைக் குனிந்து எடுப்பதில்லையே! “போடாதீர்கள்” என்று நாங்கள் கைநீட்டியபோது சிலர் முகம் சுளித்தனர், சிலர் சிரித்தனர்.

சிற்பத்தைக் கண்ட பிறகு வேறு வழி தோன்றியது. கூட்டமாக வரும் குழந்தைகளிடம், “இந்தப் பாறையில் ஒரு பூனை இருக்கிறது, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்” என்றோம். அவர்கள் தேடினர், பெற்றோரும் தேடினர். பூனையைக் கண்டவர்கள் எலியைத் தேடினர். தேடி நின்றவர்களுள் பலர் கையிலிருந்த உறையைக் கீழே போடாமல் எங்கள் கூடையைத் தேடி வந்தனர். கண்டித்தபோது கிட்டாதது பூனையைக் காட்டியபோது கிட்டியது. கண்ணால் கண்டு வியந்த பொருளின் காலடியில் குப்பையைக் கொட்ட மனிதருக்கு எளிதில் மனம் வருவதில்லை.

இன்னுமொன்று சொல்வோம். தொன்மைச் சின்னங்களில் பெயரைக் கீறிவைப்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் அல்லர்; எழுத்தறிந்தவரே அந்தக் குற்றத்தைச் செய்ய முடியும்! பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போருக்கு 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க 2010இல் திருத்தப்பட்ட சட்டம் இடந்தருகிறது. ஆனால் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. கேவாதப் பெருந்தச்சன் முதலான சில பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை இங்கு உளி பிடித்தோரின் பெயர்கள் என்பது அறிஞர் கருத்து. உழைத்தவர்கள் தம் பெயரைச் சிற்பத்தில் பொறிக்காமல் அதற்கப்பால் ஒரு வெறும்பாறையில் பொறித்தனர். எதையும் செதுக்காதவரோ சிற்பத்தின் மேலேயே பெயரைக் கீறுகிறார்! கல்வி எங்கே குறைகிறது என்பதைப் பள்ளிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உளியோசை பழங்கதையாகிவிடவில்லை. 1957இல் தொடங்கப்பெற்ற சிற்பக்கலைப் பயிற்சி நிலையம் பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. அதன் முதல்வராயிருந்த கணபதி ஸ்தபதியின் தலைமையில் உருவானதே, 2000ஆம் ஆண்டு தொடங்கிய நாளன்று குமரிமுனையில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை. இன்றும் ஊரின் தெருவோரங்களில் சிற்பக்கூடங்கள் நிறைந்துள்ளன. உளியோடு அறுவை இயந்திரமும் வந்துவிட்டது. வேலை விரைகிறது, தூசியோ பனிபோல் எழுகிறது. வேலை செய்வோர் பலர் முகத்தில் ஒரு துண்டைக் கட்டியிருந்தனர். கல்லின் நுண்தூசியைத் துண்டு தடுக்காது. ஆண்டுக்கணக்கில் உள்ளே போகும் அத்தூசி நுரையீரலைத் தழும்பாக்கும். அவ்வாறு கெட்ட நுரையீரலை முன்போல் ஆக்க மருந்தில்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். தக்க முகக்கவசம் அணிந்தால் மேலும் காப்பு. பாறைச் சிற்பத்தைப் போற்றிவிட்டு, அதே கலையைக் காக்கும் மனிதரின் மூச்சைப் பற்றிக் கவலையுறாதிருந்தால் நம் போற்றுதல் பொய்யாகும். அடுத்த ஆண்டு முகாமில் சிற்பிகளுக்கு நுரையீரல் சோதனை நடத்த வேண்டும் என்று எங்கள் பள்ளி அன்னையரிடம் விண்ணப்பித்துள்ளோம். அந்தக் கூடங்களின் முன் நின்று பாராதிருந்தால் இந்த எண்ணமே எங்களுக்கு உதித்திராது.

“மாமல்லபுரம் உலகப் புகழ் பெற்றது, 1984இலேயே உலக மரபுச் சின்னமாயிற்று. எல்லா ஊரும் அப்படியா?” என்று கேட்கலாம். புகழில்லாத ஊர்களுக்குத்தான் இது இன்னும் தேவை. ஊர்தோறும் ஒரு நடுகல்லோ, சுமைதாங்கியோ, அய்யனாரின் மண்குதிரையோ, குருசடியோ, தலைவர் ஒருவரின் சிலையோ, செதுக்கிய மரத்தேரோ இருக்கிறது. அவற்றின்மேல் சுவரொட்டி ஒட்டப்படுவதும், அவற்றின் நிழலில் குப்பை குவிவதும் நாம் காணாமல் கடந்து செல்வதால்தான்.

எனவே எங்கள் வேண்டுகோள் இதுவே. முகாமின் 7 நாள்களில் இரண்டு பிற்பகல்களைக் காண்பதற்கென்றே ஒதுக்குங்கள். முகாமுக்கு வராத வகுப்புகளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வகுப்புக்கொன்றாக நம் ஊரின் ஒரு சிலையையோ தூணையோ ஏற்றுக்கொண்டு, அதன் வரலாற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டெழுதி, மாதம் ஒருமுறை அதன் சுற்றுப்புறத்தைத் தூய்மை செய்யலாம். பெற்றோரே, உங்கள் மகள் முகாமிலிருந்து திரும்பியதும், “எத்தனை சாக்கு அள்ளினாய்?” என்று கேளுங்கள். அதனோடு, “என்ன கண்டாய்?” என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவள், முகாம் முடிந்த பிறகும் அள்ளிக்கொண்டுதான் இருப்பாள்.